பசிபிக் கரையோரப் பயணம்: பெரிய டிரெய்லரை இழுத்துச் செல்ல ஏற்ற சாலை எது?

அமெரிக்காவின் மேற்குக் கரையைச் சாலை வழியாகக் காண விரும்புவோர் முதலில் குறித்துவைப்பது கலிஃபோர்னியா மாநிலத்தின் 1-ஆம் எண் நெடுஞ்சாலையை. ஒருபுறம் மலை, மறுபுறம் செங்குத்தாகக் கடலில் இறங்கும் பாறை, நடுவே வளைந்து செல்லும் இருவழிப் பாதை என அதன் படங்கள் உலகெங்கும் அறியப்பட்டவை. சிறிய காரில் செல்வோருக்கு அது ஈடற்ற பயணம். ஆனால் படுக்கை, சமையலறை, கழிவறை ஆகியவற்றுடன் கூடிய 9 அல்லது 10 மீட்டர் நீள டிரெய்லரைப் பின்னால் பூட்டிக்கொண்டு புறப்படும் குடும்பத்துக்கு அதே சாலையின் சில பகுதிகள் பெருஞ்சோதனையாக அமைந்துவிடும். திரும்ப இடமில்லை, பின்னோக்கி நகர்த்தவும் வழியில்லை, பின்னால் வாகனங்கள் வரிசை கட்டி நிற்கும்.

அதற்காகக் கடலோரப் பயணத்தையே கைவிட வேண்டியதில்லை. எந்தப் பகுதியில் டிரெய்லருடன் செல்லலாம், எங்கே அதை நிறுத்திவிட்டு இழுவை வாகனத்தில் மட்டும் செல்லலாம், எங்கே உள்நாட்டுச் சாலைக்கு விலகிவிட வேண்டும் என்பதை முன்கூட்டியே பிரித்துக்கொள்வதே இங்கு பாதைத் தேர்வு எனப்படுவது. கலிஃபோர்னியாவில் குடியேறியுள்ள தமிழ்க் குடும்பங்களுக்கும், அங்கு வசிக்கும் பிள்ளைகளைக் காணச் சென்று விடுமுறையில் உடன் பயணிக்கும் பெற்றோருக்கும் இது பயன்படக்கூடும்.

இரண்டு சாலைகள்

மாநில நெடுஞ்சாலை 1, தெற்கே ஆரஞ்சு மாவட்டத்தின் டேனா பாயிண்ட் பகுதியில் தொடங்கி வடக்கே மென்டொசினோ மாவட்டத்தின் லெகெட் வரை சுமார் 1,055 கிலோமீட்டர் நீளம் கொண்டது. அமெரிக்க நெடுஞ்சாலை 101 லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கி சான் பிரான்சிஸ்கோ, யுரேகா வழியாக ஒரேகான் மாநிலத்துக்குள் நுழைந்து வாஷிங்டன் மாநிலம் வரை நீள்கிறது. இவ்விரண்டும் சில இடங்களில் ஒன்றாகவே செல்கின்றன. சில இடங்களில் மலைத்தொடர் ஒன்று இடையே நிற்க, பல கிலோமீட்டர் விலகிச் செல்கின்றன.

பெயர் பெற்றது 1-ஆம் எண் சாலை என்றாலும், டிரெய்லர் பயணத்துக்கு முதுகெலும்பாகக் கொள்ள வேண்டியது 101-ஐத்தான். அது பல இடங்களில் நான்கு வழிச் சாலை. மேலும், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே நெடுந்தொலைவு கடலைக் காட்டாமல் சென்றாலும், யுரேகாவை நெருங்கியதும் அதுவே கரையோரச் சாலையாகிவிடுகிறது.

வளைவில் நிகழ்வது என்ன?

நீண்ட வண்டி வளைவில் திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தைப் பின்பற்றுவதில்லை. வளைவின் உட்புறமாக ஒதுங்கிச் செல்கின்றன. மாட்டுவண்டி தெருமுனையில் திரும்பும்போது அதன் சக்கரம் திண்ணையை உரசுவதைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். இழுவை வாகனத்தின் முன், பின் அச்சுகளுக்கு இடையே 4 மீட்டர், இணைப்புக் கொக்கியிலிருந்து டிரெய்லரின் சக்கரங்கள் வரை 6.5 மீட்டர் எனக் கொள்வோம். 30 மீட்டர் ஆரமுள்ள வளைவில் முழுமையாகத் திரும்பும்போது டிரெய்லரின் சக்கரங்கள் ஏறத்தாழ 1 மீட்டர் உள்ளே ஒதுங்கும். ஆரம் 20 மீட்டராகக் குறைந்தால் அது கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டராகும். டிரெய்லரின் அகலம் 2.6 மீட்டர்; தடத்தின் அகலம் 3.3 முதல் 3.6 மீட்டர். இரு பக்கமும் சேர்த்து எஞ்சுவதே 1 மீட்டருக்கு மேல் இல்லை. ஆகவே இத்தகைய வளைவில் பாறைச் சுவரை உரசுவது, அல்லது எதிர்த்தடத்துக்குள் நுழைவது என இரண்டில் ஒன்று நேர்ந்தே தீரும். ஓட்டுநரின் திறமை இந்தக் கணக்கை மாற்றாது.

பிக்கப் வாகனத்தின் சரக்குத் தட்டிலேயே பொருத்தப்படும் 'ஃபிஃப்த் வீல்' வகை டிரெய்லர் காற்றில் குறைவாக ஆடும், நேர்ச்சாலையில் நிதானமானது. அதனால் மலைச்சாலைக்கும் அதுவே நல்லது எனப் பலர் எண்ணுகின்றனர். ஆனால் அவை பெரும்பாலும் நீளமானவை. இணைப்பிலிருந்து சக்கரம் வரை 8.5 மீட்டர் இருந்தால், மேற்கண்ட 30 மீட்டர் வளைவிலேயே ஒன்றரை மீட்டர் உள்ளே ஒதுங்கும். எனவே டிரெய்லரின் மொத்த நீளத்தைவிட, இணைப்புக்கும் சக்கரத்துக்கும் இடையிலான தொலைவை அளந்து வைத்திருப்பதே பாதைத் தேர்வில் அதிகம் உதவும்.

பிக் சர்: சாலையே நிலையற்றது

கார்மெல் நகருக்கும் சான் சிமியனுக்கும் இடைப்பட்ட சுமார் 145 கிலோமீட்டர் நீளமே 1-ஆம் எண் சாலையின் புகழுக்குக் காரணம். சாண்டா லூசியா மலைத்தொடர் அங்கு நேரடியாகக் கடலில் இறங்குகிறது. சிறைக் கைதிகளின் உழைப்பையும் கொண்டு அமைக்கப்பட்ட இச்சாலை 1937-இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. அதற்கு ஐந்தாண்டுகள் முன்னதாகக் கட்டி முடிக்கப்பட்ட பிக்ஸ்பி பாலத்தின் சாலைப்பரப்பு சுமார் 7.3 மீட்டர் அகலம் மட்டுமே. அக்கால வாகனங்களுக்கு அது தாராளமாக இருந்தது.

வளைவுகளைவிடப் பெரிய இடர் மண்சரிவு. 2017 மே மாதம் மட் கிரீக் என்னுமிடத்தில் மலைச்சரிவு முழுவதும் சாலையை மூடிக் கடலுக்குள் இறங்கியது; அவ்விடத்தில் சரிந்த மண்ணின் மீதே புதிய சாலை அமைக்கப்பட்டு 2018 ஜூலையில்தான் போக்குவரத்து மீண்டது. அதே 2017-இல் ஃபைஃபர் கேன்யன் பாலம் சேதமடைந்து இடிக்கப்பட்டு, புதிய பாலம் அக்டோபரில் திறக்கப்பட்டது. 2021 ஜனவரியில் ரேட் கிரீக் பகுதியில் சாலையின் ஒரு துண்டே அடித்துச் செல்லப்பட்டது. 2023 ஜனவரிப் புயலில் பால்ஸ் ஸ்லைடு பகுதி மூடப்பட்டு 2024 ஜூனில் திறக்கப்பட்டது. ஆனால் அதற்குள் 2024 தொடக்கத்தில் ரீஜண்ட்ஸ் ஸ்லைடு என்னுமிடத்தில் மற்றொரு சரிவு ஏற்பட்டுவிட்டதால், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தொடர்ந்து செல்ல இயலாத நிலை நீடித்தது.

சாலை மூடப்படும்போது இது இரு பக்கமும் முட்டுச்சந்தாகிவிடுகிறது. இடையே மலையைக் கடந்து உள்நாட்டுக்குச் செல்லும் பாதையாக இருப்பது நாசிமியன்டோ ஃபெர்குசன் சாலை ஒன்றுதான். அது குறுகிய, செங்குத்தான மலைப்பாதை. டிரெய்லருடன் நினைத்தும் பார்க்கக்கூடாது. காரில் வந்தவர் தடுப்பைக் கண்டதும் திருப்பிக்கொண்டு போய்விடலாம். டிரெய்லருடன் வந்தவருக்கு அந்தத் திருப்பத்துக்கே இடம் கிடைக்காது. நல்ல வானிலையில் இவ்வழியே டிரெய்லருடன் சென்று வந்தவர்கள் உண்டு என்பது உண்மைதான். அவர்களில் பெரும்பாலோர் குட்டையான வண்டி வைத்திருந்தவர்கள். சாலை திறந்திருந்த நாளில் சென்றவர்கள்.

முகாம் இடங்களும் இதையே சொல்கின்றன. ஃபைஃபர் பிக் சர் மாநிலப் பூங்காவில் டிரெய்லருக்கான உச்ச நீளம் 27 அடி. அதற்கு மேற்பட்ட வண்டியுடன் சென்றால் இரவு தங்கவும் இடமில்லை.

டிரெய்லரை நிறுத்திவிட்டுச் செல்லும் முறை

பிக் சர் பகுதியைக் காணாமல் திரும்ப மனமில்லாதவர்களுக்கு எளிய வழி இருக்கிறது. தெற்கிலிருந்து வருவோர் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் 101-ஐ விட்டு 1-ஆம் எண் சாலையில் திரும்பி, மோரோ பே, கேம்பிரியா வழியாக சான் சிமியன் வரை டிரெய்லருடனேயே செல்லலாம். இப்பகுதி அகலமானது, வளைவுகள் மெல்லியவை. கடலும் பக்கத்திலேயே வருகிறது. அங்குள்ள முகாமில் டிரெய்லரைக் கழற்றி நிறுத்திவிட்டு, மறுநாள் காலை இழுவை வாகனத்தில் மட்டும் வடக்கே சென்று மாலைக்குள் திரும்பலாம். பியட்ராஸ் பிளாங்காஸ் கரையில் கூட்டமாகக் கிடக்கும் யானைச் சீல்களைக் காண்பதும் இந்தப் பயணத்திலேயே அடங்கிவிடும்.

பிறகு வந்த வழியே திரும்பி, மோரோ பேயிலிருந்து 41-ஆம் எண் சாலையிலோ, கேம்பிரியாவுக்குத் தெற்கே பிரியும் 46-ஆம் எண் சாலையிலோ 101-ஐ அடையலாம். இரண்டிலும் நீண்ட ஏற்ற இறக்கம் உண்டு. 46 சற்று அகலமானது. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல், தாழ்ந்த கியரில் இறங்க வேண்டும். 101-இலேயே தொடர்பவர்களுக்கும் சான் லூயிஸ் ஒபிஸ்போவுக்கு வடக்கே சுமார் 7 சதவீதச் சரிவுள்ள கியூஸ்டா மலையேற்றம் காத்திருக்கிறது. ஆனால் அங்கு கூடுதல் தடங்கள் இருப்பதால் வலப்புறமாக மெதுவாக ஏறிவிடலாம்.

அடுத்து சலினாஸ் அல்லது மான்டரே அருகே மீண்டும் முகாமிட்டு, இழுவை வாகனத்தில் மட்டும் தெற்கு நோக்கிச் சென்றால் பாயிண்ட் லோபோஸ், பிக்ஸ்பி பாலம் ஆகியவற்றைக் காணலாம். நடுவே சாலை மூடப்பட்டிருந்தாலும் இரு முனைகளிலிருந்தும் பெரும்பகுதியைக் கண்டுவிடும் வாய்ப்பு இதில் இருக்கிறது. இரண்டு நாள் கூடுதலாகும். எரிபொருள் சற்றே கூடும். டிரெய்லரின் பக்கச்சுவர் கிழிந்தால் ஆகும் செலவோடு ஒப்பிட இது பொருட்டன்று.

சாண்டா குரூஸிலிருந்து ஹாஃப் மூன் பே வரையிலான கடற்கரையும் டிரெய்லருக்கு ஏற்றதே. அதற்கு வடக்கே பசிஃபிகா அருகில் அடிக்கடி சரிந்துகொண்டிருந்த டெவில்ஸ் ஸ்லைடு பகுதிக்கு மாற்றாக 2013-இல் இரட்டைச் சுரங்கப்பாதை திறக்கப்பட்டதால் அங்கிருந்த அச்சம் நீங்கியது. பழைய சாலை இப்போது நடப்போருக்கும் மிதிவண்டிக்கும் விடப்பட்டுள்ளது.

சான் பிரான்சிஸ்கோவைக் கடப்பது

101 என்றாலே அகன்ற சாலை என எண்ணி வருவோரைத் திகைக்கவைக்கும் இடம் இது. சான் பிரான்சிஸ்கோவுக்குள் அச்சாலை வான் நெஸ் அவென்யூ, லம்பார்டு தெரு வழியாக நகரத் தெருவாகவே செல்கிறது. ஒவ்வொரு சந்திப்பிலும் சைகை விளக்கு, குறுகிய தடம், பேருந்து நெரிசல். அதன்பின் கோல்டன் கேட் பாலத்தின் தடங்களும் குறுகியவையே. பாலத்தில் சுங்கம் அச்சுகளின் எண்ணிக்கைக்கேற்ப வசூலிக்கப்படுகிறது. ரொக்கம் பெறுவது 2013-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது.

பாலத்தின் மீது செல்ல வேண்டும் என்ற ஆசை இல்லாவிட்டால், சான் ஹோசேயிலிருந்து விரிகுடாவின் கிழக்குக் கரை வழியாக 880, 80 ஆகிய நெடுஞ்சாலைகளில் ஏறி, 580-இல் ரிச்மண்ட் - சான் ரஃபேல் பாலத்தைக் கடந்து 101-ஐ மீண்டும் பிடிப்பது நல்லது. வேலை நாள்களில் காலை, மாலை நெரிசல் நேரத்தைத் தவிர்த்து முற்பகல் பத்து மணிக்குமேல் கடக்கலாம். கோல்டன் கேட் பாலத்தைப் பார்க்கத் தனியே காரில் வரலாம்.

வடக்கே: ஜென்னர் முதல் லெகெட் வரை

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே 1-ஆம் எண் சாலை பிக் சர் அளவுக்குப் பேசப்படுவதில்லை. ஆனால் டிரெய்லரைப் பொறுத்தவரை அதைவிடக் கடினமான இடங்கள் இங்குதான் உள்ளன. பொடேகா பே வரை 101-இலிருந்து வந்து போவதில் சிக்கல் இல்லை. ஜென்னரைத் தாண்டியதும் சாலை கடலுக்கு மேலே உயர்ந்து, தடுப்பு வேலி இல்லாத விளிம்பில் கொண்டை ஊசி வளைவுகளாகச் செல்கிறது. வடமுனையில், கடற்கரையை விட்டு லெகெட்டை நோக்கி மலையேறும் பகுதியோ மரங்களுக்கிடையே இடைவிடாத நெளிவு. நீண்ட வாகனங்கள் இவ்வழியைத் தவிர்க்க வேண்டும் என்பது மாநிலப் போக்குவரத்துத் துறையான கால்டிரான்ஸின் அறிவுரை. மென்டொசினோவையும் ஃபோர்ட் பிராக்கையும் காண விரும்பினால் வில்லிட்ஸ் நகரில் டிரெய்லரை விட்டுவிட்டு 20-ஆம் எண் சாலையில் காரில் சென்று வருவது உசிதம்.

இப்பகுதியில் 101 பல ஆண்டுகளாகச் சீரமைக்கப்பட்டு வருகிறது. லெகெட் அருகே அடிக்கடி சரிந்த கன்ஃபியூஷன் ஹில் பகுதியை 2009 முதல் இரண்டு உயர்பாலங்கள் தவிர்க்கின்றன. வில்லிட்ஸ் நகருக்குப் புறவழிச்சாலை 2016-இல் வந்தது. எஞ்சிய இடுக்கு, ரிச்சர்ட்சன் குரோவ். அங்கு தொன்மையான செம்மரங்களின் அடிப்பகுதி சாலை விளிம்பையே தொட்டு நிற்கிறது. இந்த ரெட்வுட் மரங்களுக்கும் நம் நாட்டுச் செஞ்சந்தனத்துக்கும் பெயரில் மட்டுமே ஒற்றுமை. வேகத்தைக் குறைத்து, வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தபடி கடந்துவிடலாம்.

அவென்யூ ஆஃப் தி ஜயண்ட்ஸ் எனப்படும் 254-ஆம் எண் சாலை சுமார் 50 கிலோமீட்டர் 101-க்கு இணையாகச் செல்கிறது. பொறுமையாக ஓட்டினால் டிரெய்லருக்கும் அது ஏற்றதே. ரெட்வுட் தேசியப் பூங்காப் பகுதியில் நியூட்டன் பி. டிரூரி பூங்காச்சாலையும் அவ்வாறே. ஆனால் கோல்டு பிளஃப்ஸ் கடற்கரைக்குச் செல்லும் டேவிசன் சாலையில் டிரெய்லர்களுக்கு அனுமதி இல்லை. ஹவ்லண்ட் ஹில் சாலையும் அவற்றுக்கு ஏற்றதன்று.

கிரசன்ட் சிட்டிக்குத் தெற்கே லாஸ்ட் சான்ஸ் கிரேடு என்னும் மலைப்பகுதியில் 101-உம் மண்சரிவுக்குத் தப்பவில்லை. பல ஆண்டுகளாக நகர்ந்துகொண்டிருக்கும் அச்சரிவைத் தவிர்க்கச் சுரங்கப்பாதை அமைக்கும் திட்டத்தைக் கால்டிரான்ஸ் 2024-இல் தேர்ந்தெடுத்தது. பணி முடியப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை அங்கு ஒருவழிக் கட்டுப்பாட்டில் காத்திருக்க நேரலாம் என்பதைப் பயண நேரத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரேகான்: டிரெய்லரைக் கழற்றாமல் காணும் கடற்கரை

முழுப் பயணத்திலும் ஒரே ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பெரிய டிரெய்லர் வைத்திருப்பவருக்குப் பரிந்துரைக்கத்தக்கது ஒரேகான் கரையே. புரூக்கிங்ஸ் முதல் அஸ்டோரியா வரை சுமார் 580 கிலோமீட்டருக்கு 101 கடலை ஒட்டியோ, சற்றே விலகியோ செல்கிறது. இது அப்பகுதியின் சரக்குப் போக்குவரத்துக்கும் உரிய சாலை என்பதால் நீண்ட லாரிகளுக்கு ஏற்ற வளைவுகளும் ஏறுபாதைத் தடங்களும் பல இடங்களில் உள்ளன.

புரூக்கிங்ஸுக்கும் கோல்டு பீச்சுக்கும் இடையிலுள்ள சாமுவேல் போர்டுமன் பூங்காப் பகுதியில் கடலிலிருந்து எழுந்து நிற்கும் பாறைகள் பிக் சருக்குச் சற்றும் குறையாதவை. அங்குள்ள தாமஸ் கிரீக் பாலம் 105 மீட்டர் உயரமுடையது. ஃபுளோரன்ஸ், நியூபோர்ட், கூஸ் பே ஆகிய ஊர்களில் பொறியாளர் காண்டி மெக்கல்லோ வடிவமைத்து 1936-இல் திறக்கப்பட்ட பாலங்களே இன்றும் போக்குவரத்தைத் தாங்குகின்றன. அவற்றின் தடங்கள் குறுகலானவை. பக்கக்காற்றும் வலுவாக வீசும். ஃபுளோரன்ஸுக்கு வடக்கே ஹெசிட்டா ஹெட் கலங்கரை விளக்கத்தை ஒட்டிய மலைவிளிம்பும் சுரங்கமும், மன்சனிட்டா அருகே நியாகானி மலைப்பகுதியும் மட்டுமே கவனம் கூடுதலாகத் தேவைப்படுபவை. தில்லமூக் அருகே பிரியும் 'மூன்று முனைகள்' கிளைச்சாலைக்கு டிரெய்லருடன் திரும்ப வேண்டாம்.

இங்கு கடற்கரை முழுவதும் பொதுமக்களுக்கு உரியது. 1913-இல் ஒரேகான் சட்டமன்றம் கடல் அலை வந்து போகும் மணற்பரப்பையே பொது நெடுஞ்சாலையாக அறிவித்தது. மேடான மணற்பரப்புக்கும் பொதுமக்களின் உரிமையை 1967-ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிசெய்தது. கடலோரம் நெடுகிலும் மாநிலப் பூங்காக்களும் முகாம்களும் தொடர்ந்து கிடைப்பதற்கு இந்தப் பொது உரிமையும் ஒரு காரணம். ஹாரிஸ் பீச், புல்லர்ட்ஸ் பீச், ஹனிமன், சவுத் பீச், ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் ஆகிய பூங்காக்களில் நீண்ட டிரெய்லர்களுக்கு மின்னிணைப்பும் குடிநீர் இணைப்பும் கொண்ட இடங்கள் உண்டு.

சட்டமும் உரிமமும்

கலிஃபோர்னியாவில் டிரெய்லரை இழுத்துச் செல்லும் வாகனத்துக்கு உச்ச வேகம் மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கிலோமீட்டர். சாலையின் பொது வேக வரம்பு அதைவிட அதிகமாக அறிவிக்கப்பட்டிருந்தாலும் இதுவே பொருந்தும். இருவழிச் சாலையில் மெதுவாகச் செல்லும் வாகனத்தின் பின்னே ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட வாகனங்கள் சேர்ந்தால், அடுத்த ஒதுங்குமிடத்தில் வழிவிட்டே ஆக வேண்டும். இழுவை வாகனமும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த நீளம் பொதுவாக 65 அடியைத் தாண்டக்கூடாது.

அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 10,000 பவுண்டு, அதாவது சுமார் 4,536 கிலோவைத் தாண்டும் சாதாரண டிரெய்லருக்கு வழக்கமான கார் உரிமம் போதாது. ஃபிஃப்த் வீல் வகையில், தனி ஒப்புதல் பெற்றிருந்தால் 15,000 பவுண்டு வரை இழுக்கலாம். இந்தியாவிலிருந்து சுற்றுலா செல்லும் பெரியவர்கள் தம் நாட்டு உரிமத்தைக் கொண்டு கார் ஓட்டலாம் என்றாலும், பெரிய டிரெய்லரைப் பொறுத்தவரை அங்கு உரிய உரிமம் வைத்திருக்கும் உறவினரே ஓட்டுவது முறை. வாடகைக் கார்களில் பெரும்பாலானவற்றில் டிரெய்லரைப் பூட்ட நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். சாதாரண டிரெய்லர் ஓடும்போது உள்ளே ஆட்கள் அமர்ந்து பயணிக்கச் சட்டம் இடந்தராது. முதியோர் உள்ளே படுத்துக்கொண்டு வரலாம் என்ற எண்ணத்தில் திட்டமிடுவோர் உண்டு.

காலமும் திசையும்

கோடையில் செல்வதே சிறப்பு என்று தோன்றும். ஆனால் ஜூன் முதல் ஆகஸ்டு வரை கலிஃபோர்னியக் கரையில் மூடுபனி அடர்ந்து, பல நாள்களில் பிற்பகல் வரை கடலே தென்படாது. செப்டம்பரும் அக்டோபர் தொடக்கமும் வானம் தெளிந்திருக்கும் காலம். பள்ளிகள் திறந்துவிடுவதால் கூட்டமும் குறையும். டிசம்பர் முதல் மார்ச் வரை புயலும் மண்சரிவும் மிகும்.

அமெரிக்காவில் வாகனங்கள் சாலையின் வலப்புறம் செல்கின்றன. எனவே வடக்கிலிருந்து தெற்கு நோக்கிச் சென்றால் கடல் நம் தடத்தை ஒட்டியே வரும். காட்சி முனைகளில் எதிர்த்தடத்தைக் குறுக்கே கடக்காமல் ஒதுங்கலாம். நீண்ட டிரெய்லருக்கு இடப்புறத் திருப்பம் எதிரே வரும் வாகனங்களிடையே பெரிய இடைவெளியைக் கோருவதால், இந்த ஒரு வசதிக்காகவே அஸ்டோரியாவில் தொடங்கித் தெற்கே வருவதைப் பலர் விரும்புகின்றனர். விளிம்பு அருகில் இருப்பது மனத்தைக் கலக்கும் என்போர் வடக்கு நோக்கிச் செல்லலாம். எந்தத் திசையானாலும், உள்ளே நுழைந்தால் வெளியேற வழி கண்ணுக்குத் தெரியாத காட்சி முனையில் டிரெய்லருடன் திரும்பக்கூடாது.

கைப்பேசியின் பொதுவான வரைபடச் செயலிகள் வண்டியின் நீளத்தையோ உயரத்தையோ கருதுவதில்லை. குறுக்குவழி என்று அவை காட்டுவது மலைக்கிராமப் பாதையாக இருக்கக்கூடும். சாலை மூடல்களைக் கலிஃபோர்னியாவில் கால்டிரான்ஸின் குயிக்மேப் தளத்திலும், ஒரேகானில் டிரிப்செக் தளத்திலும் புறப்படும் நாள் காலையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். பிக் சர் பகுதியில் நெடுந்தொலைவுக்குக் கைப்பேசி இணைப்பு கிடைக்காது.

இரு மாநிலங்களிலும் மாநிலப் பூங்கா முகாம்களுக்கு ஆறு மாதங்கள் முன்னதாகப் பதிவு செய்யலாம். கடலோர இடங்கள் பதிவு தொடங்கிய சில நிமிடங்களிலேயே நிரம்பிவிடுவதுண்டு. பதிவின்போது கேட்கப்படும் நீளத்தில் டிரெய்லரின் முன்புறக் கொக்கியும் பின்புறம் மாட்டப்பட்ட மிதிவண்டிகளும் சேரும். விற்பனைப் பட்டியலில் உள்ள எண்ணை நம்பாமல், நாடாவால் ஒருமுறை அளந்துவிட்டுப் பதிவு செய்ய வேண்டும்.